உம் கொட்டும் தேசம்

பாட்டி கதை சொல்லும்போது கேட்கிற பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. உம் கொட்டவேண்டும். "ஒரு ஊர்ல ஒரு ராஜா." "உம்." "அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணு." "உம்." உம் நின்றால் கதையும் நின்றுவிடும். "தூங்கிட்டியா?" என்று இருட்டிலிருந்து குரல் வரும். கதை பாட்டியுடையதுதான். ஆனால் அது அடுத்த அடி எடுத்துவைக்கப் பேத்தியின் உம் வேண்டியிருந்தது.

ஜப்பானில் ஒருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது சற்றுத் தள்ளி நின்று கேட்டால் நமக்கு அந்தப் பாட்டி நினைவு வரும். "ஹை... ஹை... ஏ... ஸோ தெஸ் கா... ஹை... நாருஹோதோ..." என்று சில நொடிகளுக்கு ஒருமுறை சின்னச் சின்ன ஒலிகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். பேசுவது எதிர்முனையில் இருப்பவர். இவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே கேட்பது என்பது வாயாலும் செய்யவேண்டிய வேலை.

புதிதாக ஜப்பானுக்குப் போன வெளிநாட்டவர் அதே தொலைபேசியை எடுக்கிறார். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அவர். மரியாதையாக வாயை மூடிக்கொண்டு கேட்கிறார். சிறிது நேரத்தில் எதிர்முனை பேச்சை நிறுத்திவிட்டு, "மொஷி மொஷி?" என்கிறது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்ற கவலை அதில் தெரிகிறது. அவர் மரியாதை என்று எண்ணிச் செய்த மௌனம், அங்கே ஆளில்லாத வீடாகக் கேட்டிருக்கிறது.

ஜப்பானிய நாகரிகத்தைப் பற்றி வெளிநாட்டவருக்குச் சொல்லும் புத்தகங்கள் பெரும்பாலும் பட்டியல்களாகவே இருக்கின்றன. செருப்பைக் கழற்று, குனிந்து வணங்கு, இரு கையால் வாங்கு, ரயிலில் கைபேசியில் பேசாதே. பட்டியலை மனப்பாடம் செய்து போனவர்களும் தடுமாறுகிறார்கள். அந்த விதிகள் பலவற்றுக்கும் அடியில் ஒரே வேர் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வேர் நம் பாட்டிக்குத் தெரிந்ததுதான்.

பட்டறையில் பிறந்த சொல்

ஜப்பானிய மொழியில் உம் கொட்டுவதற்கு 'ஐஸுச்சி' என்று பெயர். 'ஐ' என்றால் ஒருவரோடு ஒருவர். 'த்ஸுச்சி' என்றால் சம்மட்டி. வாள் வடிக்கும் பட்டறையிலிருந்து வந்த சொல் இது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பட்டடைக்கல்லில் வைத்து, ஆசான் தன் சிறிய சுத்தியலால் ஓர் அடி அடிப்பார். எந்த இடம், எவ்வளவு வேகம் என்பதற்கு அதுவே குறிப்பு. எதிரே நிற்கும் சீடர் பெரிய சம்மட்டியை அந்த இடத்தில் இறக்குவார். மறுபடி ஆசான், மறுபடி சீடர். தாளம் பிசகினால் இரும்பு கெடும், கையும் போகும். இரும்பு ஆறுவதற்குள் இருவரும் ஒருவராக வேண்டும்.

பேச்சில் அவர்கள் ஐஸுச்சியை 'அடிக்கிறார்கள்'. நாமோ உம்மைக் 'கொட்டுகிறோம்', மேளம் கொட்டுவதைப் போல. கேட்பவரின் சின்ன ஒலியைத் தாளமாகவே இரண்டு மொழிகளும் கேட்டிருக்கின்றன.

'நோ' என்ற பழைய ஜப்பானிய நாடக மரபில் வரும் 'கொகாஜி'யின் கதையே இந்த எதிர்ச் சம்மட்டியைப் பற்றியதுதான். இச்சிஜோ பேரரசர் ஒரு கனவு கண்டு, முனேச்சிக்கா என்ற கொல்லரிடம் வாள் ஒன்று வடித்துத் தரும்படி ஆணை அனுப்புகிறார். கொல்லருக்கோ பெருங்கலக்கம். இரும்பு இருக்கிறது, திறமை இருக்கிறது. தனக்கு இணையாக எதிரே நின்று சம்மட்டி போட ஆள் இல்லை. அவர் இனாரி தெய்வத்திடம் போய் மன்றாடுகிறார். அந்த வாள் எப்படி உருவானது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆயிரத்தில் ஏழு பங்கு

ஐஸுச்சியில் அதிகம் கேட்கும் சொல் 'ஹை'. அகராதியில் அதற்கு 'ஆம்' என்று பொருள் போட்டிருக்கும். வெளிநாட்டு வணிகர்கள் காலங்காலமாக இடறி விழும் இடம் இது. தாங்கள் சொன்ன ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே இருந்தவர் 'ஹை, ஹை' என்று தலையாட்டினார், ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு ஊர் திரும்புகிறார்கள். பிறகு கடிதம் வருகிறது, இயலாது என்று. அவர் ஏமாற்றவில்லை. "கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். பேத்தி கொட்டிய உம், ராஜா செய்தது சரி என்று ஒப்புக்கொண்டதாக ஆகுமா?

இந்தத் தாளத்தை அறிவியலாளர்கள் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தில் தான்யா ஸ்டிவர்ஸ் தலைமையில் ஒரு குழு, உலகின் வெவ்வேறு மூலைகளைச் சேர்ந்த 10 மொழிகளில் மக்கள் இயல்பாகப் பேசிக்கொள்வதை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தது. 2009-இல் முடிவுகள் வெளிவந்தன. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி முடிந்து, பதில் தொடங்குவதற்கு எவ்வளவு இடைவெளி? பத்து மொழிகளுக்கும் சேர்த்துச் சராசரி ஏறத்தாழ 200 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு.

இது எத்தனை வேகம் என்பது இன்னொரு கணக்கைப் பக்கத்தில் வைத்தால்தான் புரியும். ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை வாயால் சொல்லவே நம் மூளைக்கு 600 மில்லிநொடி தேவைப்படுகிறது. அப்படியானால் 200 மில்லிநொடியில் பதில் எப்படி வருகிறது? கேள்வி முடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. எதிரே இருப்பவர் எங்கே முடிக்கப்போகிறார் என்பதைப் பாதியிலேயே கணித்து, பதிலை நாக்கு நுனியில் ஏற்றி வைத்திருக்கிறோம். உலகெங்கும் உரையாடல் இப்படித்தான் நடக்கிறது.

அந்தப் பத்து மொழிகளில் மிக மெதுவாகப் பதில் வந்தது டேனிஷ் மொழியில், சராசரி 469 மில்லிநொடி. மிக வேகமாக வந்தது ஜப்பானிய மொழியில். சராசரி இடைவெளி 7 மில்லிநொடி. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து அதில் ஏழு பங்கு. பல பதில்கள் கேள்வியின் கடைசி அசை காற்றில் இருக்கும்போதே தொடங்கிவிட்டன என்றால்தான் சராசரி இவ்வளவு கீழே இறங்கும். அமைதியானவர்கள், தயங்கித் தயங்கிப் பேசுபவர்கள் என்று உலகம் எண்ணும் மக்கள் இவர்கள்.

ஜப்பானிய மொழியில் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில்தான் வரும். கேள்வியா, மறுப்பா, வேண்டுகோளா என்பதெல்லாம் வாலில்தான் தெரியும். கேட்பவர் அந்த வாலை முன்கூட்டியே உணரவேண்டும். பேசுபவரும் உதவுகிறார். வாக்கியத்தைத் துண்டு துண்டாக இறக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் 'நே' என்ற ஓர் அசையை வைத்துச் சற்று நிறுத்துகிறார். நம் 'இல்லையா', 'பாருங்க' போல. அந்த நிறுத்தத்தில் கேட்பவரின் ஐஸுச்சி வந்து விழுகிறது. பல நேரங்களில் ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடித்துவைக்கிறார். மொழியியலாளர் நொபுகோ மிசுதானி இதற்குக் 'கியோவா' என்று பெயர் வைத்தார். கூட்டுப் பேச்சு என்று சொல்லலாம். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்.

உடம்பு கொட்டும் உம்

இந்தக் கண்ணோடு பார்த்தால் மற்ற நடைமுறைகளும் வேறு மாதிரித் தெரிகின்றன. குனிந்து வணங்குவதை எடுத்துக்கொள்வோம். அலுவலகப் பயிற்சிகளில் இதற்கு அளவு சொல்லித்தருகிறார்கள். வழியில் எதிர்ப்படுபவருக்கு 15 பாகை, வாடிக்கையாளரை வரவேற்க 30 பாகை, ஆழ்ந்த நன்றிக்கும் மன்னிப்புக்கும் 45 பாகை. எண்களை மனப்பாடம் செய்துவிடலாம். கடினமானது எதிரே இருப்பவரின் தாளம். அவர் எவ்வளவு குனிகிறார், எப்போது நிமிர்கிறார் என்பதைத் தலை தாழ்ந்திருக்கும்போதே உணர்ந்து, அதற்கு ஏற்ப இவர் நிமிரவேண்டும். தொலைபேசியில் பேசிக்கொண்டே குனிபவர்களை அங்கே எங்கும் பார்க்கலாம். எதிர்முனைக்குத் தெரியாதே என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை. குனியும்போது குரல் மாறுகிறது, குரல் போய்ச் சேருகிறது.

விருந்து மேசைக்கு வருவோம். பீர் புட்டிகள் நடுவில் இருக்கின்றன. வெளிநாட்டவர் தன் குவளையில் தானே ஊற்றிக்கொள்ளப் போகிறார். பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய்ப் புட்டியை வாங்கி, இரு கையாலும் பிடித்து ஊற்றுகிறார். அங்கே தன் குவளையைத் தானே நிரப்புவது வழக்கமில்லை. பக்கத்துக் குவளை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். நம் குவளையை அவர் பார்த்துக்கொள்வார். இந்த மரபு தெரியாத விருந்தினர், ஊற்றியதை மீதி வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் குடித்து முடிக்கிறார். காலிக் குவளை "இன்னும் வேண்டும்" என்று சொல்கிறது, உடனே நிரம்புகிறது. போதும் என்று சொல்ல அங்கே வழி, குவளையை நிறைந்தபடியே விட்டுவிடுவது. இலையை மூடும் பழக்கம் உள்ள நமக்கு, பாத்திரம் பேசும் என்பதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

ரயிலில் கைபேசியில் பேசக்கூடாது என்ற கட்டுப்பாடும் இதே வேரோடு வந்து சேருகிறது. இருவர் அருகருகே உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒருவர் கைபேசியில் பேசினால் பெட்டியே நெளிகிறது. ஏன்? 2010-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எம்பர்சனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. கவனம் தேவைப்படும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களின் காதில், முழு உரையாடல் விழுந்தபோது வேலை அவ்வளவாகக் கெடவில்லை. உரையாடலின் ஒரு பாதி மட்டும் விழுந்தபோது தவறுகள் கூடின. அடுத்து என்ன வரும் என்று கணிப்பது மூளையின் இயல்பு. மறுபாதி கேட்காதபோது கணிக்கமுடியாமல் அது நம்மை மீறித் தவிக்கிறது. எதிர்ச் சம்மட்டியின் ஓசைக்காகக் காது காத்துக்கொண்டே இருக்கிறது.

"ஐஸ்கிரீம் வேண்டுமா?"

1950-இல் டகேயோ டோய் என்ற இளம் மனநல மருத்துவர் ஜப்பானிலிருந்து அமெரிக்கா போனார். அங்கே அறிமுகத்தின் பேரில் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தார். சற்று நேரம் பேசிக்கொண்டிருந்த பிறகு அந்த வீட்டுக்காரர், பசிக்கிறதா, ஐஸ்கிரீம் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன் என்றார். டோய்க்கு நல்ல பசி. ஆனால் முதல்முறை போன வீட்டில், முகத்துக்கு நேரே கேட்டதும் பசிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்றார். இன்னொரு முறை வற்புறுத்துவார் என்று மனசுக்குள் ஒரு நம்பிக்கை. வீட்டுக்காரரோ "அப்படியா" என்று விட்டுவிட்டார்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர் டோயின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். "இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, "அதெல்லாம் முடியாது, ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்" என்ற அடுத்த வரிக்காகக் காத்திருந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. முதல் மறுப்பு பதில் ஆகாது. அது முதல் அடி மட்டுமே. எதிர் அடி விழுந்தால்தான் மூன்றாவது அடி வரும். அமெரிக்க வீட்டுக்காரரிடமும் குறை இல்லை. விருந்தினரின் சொல்லை அப்படியே நம்புவதுதான் அவர் அறிந்த மரியாதை.

டோய் அந்த ஏமாற்றத்தை மறக்கவில்லை. சொல்லாமலே அடுத்தவர் அறிந்து தருவார் என்ற நம்பிக்கை, தாயிடம் குழந்தை எடுத்துக்கொள்ளும் உரிமை போன்ற ஒன்று, ஜப்பானியரின் உறவுகள் அனைத்திலும் ஓடுவதாக அவருக்குப் பட்டது. அதை 'அமாயே' என்ற அன்றாடச் சொல்லால் குறித்து, 1971-இல் அவர் எழுதிய நூல் ஜப்பானியரே தங்களைப் புரிந்துகொள்ளும் விதத்தை மாற்றியது. ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் வராமல் போனதற்கும் அதில் பங்கு உண்டு.

சாம்பல் கலசமும் புன்னகையும்

1890-இல் ஜப்பானுக்கு வந்து, அங்கேயே மணம் முடித்து, கொய்சுமி யாகுமோ என்ற பெயரோடு ஜப்பானியராகவே மறைந்தவர் எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன். ஜப்பானியப் புன்னகையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. யோகோஹாமாவில் ஒரு மேலைநாட்டுப் பெண்மணியின் வீட்டில் வேலை பார்த்த ஜப்பானிய ஆயா, ஒருநாள் சிரித்த முகத்தோடு வந்து, கணவர் இறந்துவிட்டார், இறுதிச் சடங்குக்குப் போகவேண்டும் என்று விடுப்புக் கேட்டார். மாலையில் திரும்பி வந்து, சாம்பல் இருந்த கலசத்தைக் காட்டி, "இவர்தான் என் கணவர்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண்மணிக்கு அருவருப்பாக இருந்தது. இப்படிப்பட்டவர்களைக் கேள்விப்பட்டதுண்டா என்று கேட்டார்.

ஹெர்ன் அந்தச் சிரிப்பை வேறுவிதமாகப் படித்தார். என் துயரம் என்னுடையது, அதன் பாரம் உங்கள் மனத்தில் இறங்கவேண்டாம் என்பதுதான் அந்தப் புன்னகை சொல்வது. உள்ளே உடைந்துகொண்டிருந்த ஒரு பெண், எதிரே நிற்பவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து, பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் என்ற இரு உளவியலாளர்கள் இதையே சோதனையாக நடத்தினார்கள். ஜப்பானிய மாணவர்களுக்கும் அமெரிக்க மாணவர்களுக்கும் மனத்தைக் கலக்கும் மருத்துவக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். தனியாக இருந்து பார்த்தபோது இரு நாட்டு முகங்களிலும் அதே சுளிப்பு, அதே அருவருப்பு. ஆய்வாளர் ஒருவர் அறைக்குள் வந்து உட்கார்ந்த பிறகு ஜப்பானிய மாணவர்கள் பலர் அந்த வேதனையைப் புன்னகையால் மூடினார்கள். உணர்ச்சி ஒன்றுதான். யார் எதிரே எதைக் காட்டலாம் என்ற விதி ஊருக்கு ஊர் வேறு.

வாய் புன்னகைத்தால் உண்மையை எங்கே தேடுவது? கண்ணில். 2007-இல் மசாகி யூகியும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், ஓர் உணர்ச்சியைக் காட்டும் கண்களையும் வேறோர் உணர்ச்சியைக் காட்டும் வாயையும் ஒட்டவைத்த முகங்களைக் காட்டி, இவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்று கேட்டார்கள். ஜப்பானியர் கண்ணுக்கு அதிக எடை கொடுத்தார்கள், அமெரிக்கர் வாய்க்குக் கொடுத்தார்கள். கைபேசிச் செய்திகளில் மேலைநாட்டார் போடும் சிரிப்புக் குறியில் மகிழ்ச்சி வாயின் வளைவில் இருக்கும், ஜப்பானியர் போடுவதில் கண்களின் வளைவில். ஒரு குறியின் வடிவத்துக்குள்ளேயே இந்தப் பார்வை வந்து உட்கார்ந்திருக்கிறது.

முகத்தோடும் பார்வை நிற்பதில்லை. தகாஹிகோ மசுதாவும் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சித்திரத்தைக் காட்டினார்கள். நடுவில் ஒருவர் சிரிக்கிறார், பின்னால் நிற்பவர்கள் வாடியிருக்கிறார்கள். நடுவில் இருப்பவரின் மனநிலையை எடைபோடச் சொன்னபோது, அமெரிக்கரைவிட ஜப்பானியரின் கண்கள் பின்னால் நின்றவர்களிடம் அதிகம் போய்வந்தன. சுற்றிலும் எல்லோரும் வாடியிருக்க இவர் மட்டும் எப்படி முழு மகிழ்ச்சியில் இருக்கமுடியும் என்று அந்தப் பார்வை கேட்கிறது. ஜப்பானிய மொழியில் இதற்குக் 'காற்றைப் படித்தல்' என்று பெயர்.

முத்துக்குளித்துறையிலிருந்து யாமாகுச்சிக்கு

இந்தக் காற்றைப் படிக்கமுடியாமல் முதலில் திணறிய மேலைநாட்டவர்களில் ஒருவர் நம் கடற்கரை நன்கு அறிந்தவர். 1542 முதல் முத்துக்குளித்துறை மீனவ ஊர்களில் கையில் மணியோடு நடந்து, தமிழில் மந்திரங்கள் சொல்லிக்கொடுத்த பிரான்சிஸ் சேவியர், 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். ஏழ்மைக் கோலம் அவருக்கு உயிர். அதே கோலத்தில் யாமாகுச்சி நகரத்துப் பெருந்தலைவர் ஓஉச்சி யொஷிதாக்காவின் முன் போனார். அவர் பேச்சு எடுபடவில்லை. கிழிந்த உடை அங்கே துறவைச் சொல்லவில்லை, எதிரே இருப்பவரை மதிக்காததைச் சொன்னது.

1551-இல் சேவியர் மறுபடி அதே தலைவரிடம் போனார். இம்முறை பட்டு உடை, இந்தியாவின் போர்த்துக்கீசிய ஆளுநர் பெயரில் கடிதம், கடிகாரமும் மூக்குக் கண்ணாடியும் அடங்கிய பரிசுகள். அனுமதி கிடைத்தது, தங்குவதற்கு ஒரு கோயிலும் கிடைத்தது. 30 ஆண்டுகள் கழித்து அலெசாந்த்ரோ வலிக்னானோ என்ற இயேசு சபை மேலாளர் ஜப்பானில் பணியாற்றும் குருமார்களுக்காக ஒரு கையேடே எழுதினார். யாருக்கு எப்படி வணங்குவது, என்ன பரிசு தருவது, எப்படி உட்காருவது என்றெல்லாம் விதித்தார். சபையின் வீடுகளில் விருந்தினருக்குத் தேநீர் வழங்கத் தூய்மையான இடம் இருக்கவேண்டும் என்பதும் அவர் எண்ணம். வந்தவர்கள் எதிர்ச் சம்மட்டியைப் பிடிக்கப் பழகினார்கள்.

உள்ளும் புறமும்

மொழிக்குள் இந்த நாகரிகம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்குச் 'சொல்' என்ற ஒரு வினை போதும். பொதுவாகச் சொன்னால் 'யூ'. மதிப்புக்குரியவர் சொன்னால் 'ஒஷ்ஷாரு'. அவரிடம் நான் பணிந்து சொன்னால் 'மோஸு'. பெருமாள் அருளிச்செய்தார், அடியேன் விண்ணப்பம் செய்தேன் என்று வைணவ வழக்கில் இருப்பதைப் போல. அங்கே இது கோயிலோடு நிற்கவில்லை, கடைக்கும் அலுவலகத்துக்கும் வந்துவிட்டது.

நமக்கு விசித்திரமாகத் தோன்றுவது இன்னொன்று. ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி வருகிறது, முதலாளி இருக்கிறாரா என்று. அவர் பெயர் தனகா என்று வைத்துக்கொள்வோம். கடைநிலை ஊழியர் எடுத்து, "தனகா வெளியே போயிருக்கு" என்று தாழ்த்திச் சொல்லும் தொனியில் பதில் தருகிறார். முதலாளி பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான். நாம் யாரிடம் பேசினாலும் அப்பா 'வந்தார்'தான். அங்கே வெளியாரிடம் பேசும்போது தந்தையும் முதலாளியும் 'நம் பக்கத்து ஆள்' ஆகிவிடுகிறார்கள். நம் பக்கத்தைத் தாழ்த்தினால்தான் எதிர்ப்பக்கம் உயரும். மரியாதை ஒருவரின் பதவியோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இருவருக்கு நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து அது இடம் மாறுகிறது.

பிறவிக் குணம் இல்லை

இதையெல்லாம் ரத்தத்திலேயே ஊறிய குணம் என்று எண்ணிவிடக்கூடாது. 1872-இல் டோக்கியோவில், தெருவில் அரை உடம்போடு திரிவதையும் கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பதையும் ஆணும் பெண்ணும் ஒரே குளியலறையில் குளிப்பதையும் தடுத்து விதிகள் வந்தன. வெளிநாட்டார் கண்ணுக்கு எப்படித் தெரிவோம் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. 1964 ஒலிம்பிக் போட்டிக்கு முன்பு தெருவில் குப்பை போடாதீர்கள் என்று டோக்கியோ மக்களிடமே பெரிய இயக்கம் நடத்தவேண்டியிருந்தது. 1974 முதல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடத்தை பற்றிய சுவரொட்டிகள் ஒட்டப்பட்டு வருகின்றன. பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பறையைத் துடைத்து, மதிய உணவைப் பரிமாறி வளர்கிறார்கள்.

இன்னும் முன்னால், மடியில் இருக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. ஜப்பானியத் தாய்மாரின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்த பட்ரீஷியா கிளான்சி, அவர்கள் வாய் திறக்காதவர்களின் மனத்தையும் குழந்தைக்கு எடுத்துச் சொல்லி வளர்ப்பதைக் காட்டினார். அந்த அக்காவுக்கும் வேண்டுமாம், பார் என்று. காற்றைப் படிக்கும் முதல் பாடம் அதுதான்.

விலையும் உண்டு. காற்றைப் படிக்கத் தெரியாதவரை இகழ 2007 வாக்கில் ஒரு சுருக்கச் சொல்லே இளைஞர்களிடம் பரவியது. எந்நேரமும் அடுத்தவர் குவளையைப் பார்த்துக்கொண்டிருப்பது களைப்பான வேலை. தாளம் பிடிக்கமுடியாதவருக்கு அந்தப் பட்டறையில் நிற்கவே இடமில்லாமல் போகலாம். வெளிநாட்டவருக்கு இன்னொரு வகைத் தனிமை. அவர்கள் பிழை செய்தால் பெரும்பாலும் யாரும் கடிந்துகொள்வதில்லை, வெளியூர்க்காரர்தானே என்று புன்னகையோடு விட்டுவிடுகிறார்கள். பல ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு அந்த மன்னிப்பே ஒரு மூடிய கதவாகிவிடுகிறது. திருத்தாமல் விடுவது, உன் அடியை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

அந்தக் கதவு மெல்லத் திறப்பதற்கும் ஒரு துயரமே காரணமாயிற்று. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரத்தை நிலநடுக்கம் சிதைத்தபோது, அறிவிப்புகளின் கடினமான ஜப்பானிய மொழி புரியாமல் வெளிநாட்டவர் பலர் தவித்தார்கள். அதன் பிறகு ஹிரோசாகி பல்கலைக்கழக மொழியியலாளர்கள் 'எளிய ஜப்பானியம்' என்ற ஒன்றை உருவாக்கினார்கள். அடுக்கடுக்கான மரியாதை வடிவங்களையும் கனமான சொற்களையும் கழற்றிவிட்டு, சின்ன வாக்கியங்களில் பேசுவது. 'காலணியோடு நுழைவது கண்டிப்பாகத் தடை' என்பதை, 'செருப்பைக் கழற்றுங்கள்' என்று எழுதுவது. இன்று ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் எண்ணிக்கை 30 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 2020-இல் அரசே எளிய ஜப்பானியத்துக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இத்தனை நூற்றாண்டாக வந்தவர்தான் தாளம் பிடிக்கவேண்டியிருந்தது. இப்போது வீட்டுக்காரரும் தன் சுத்தியலின் வேகத்தை வந்தவருக்காகக் குறைத்துப் பார்க்கிறார்.

முனேச்சிக்காவின் வாளுக்கு வருவோம். அவர் பட்டறையைத் தூய்மை செய்து காத்திருந்தபோது, இனாரி தெய்வம் நரி உருவில் வந்து எதிரே நின்று சம்மட்டியை எடுத்தது. இருவரும் மாறி மாறி அடித்து வாளை முடித்தார்கள். முடிந்ததும் கொல்லர் வாளின் முன்புறத்தில் தன் பெயரைப் பொறித்தார். பின்புறத்தில் பொறிக்கப்பட்டது 'சிறுநரி' என்ற பெயர். கியோத்தோவின் அவதகுச்சி பகுதியில் ஐஸுச்சி இனாரி என்ற சின்னக் கோயில் இன்றும் இருக்கிறது. அது வாள் செய்த கொல்லருக்கான கோயில் இல்லை. எங்கிருந்தோ வந்து, சரியான நேரத்தில் எதிர் அடி அடித்த நரிக்குத்தான் அந்தக் கோயில்.